மைசூர் அரண்மனையிலிருந்து மொட்டைமாடி வரை

1938-ல் எடுத்த ஊமைப்படம் ஒன்று யூடியூபில் கிடைக்கிறது. கறுப்பு வெள்ளை, ஆங்காங்கே கீறல். கச்சம் கட்டி, நெற்றியில் நாமம் இட்ட, ஐம்பதை நெருங்கும் ஒருவர் வயிற்றை உள்ளிழுத்து, விலா எலும்புக்குக் கீழே குழி விழும்படி நிறுத்திக் காட்டுகிறார். பிறகு தலைகீழாக நிற்கிறார். நின்றபடியே கால்களைப் பத்மாசனமாகப் பின்னிக்கொள்கிறார். எதிலும் அவசரம் இல்லை. அடுத்து ஓர் இளைஞர் வருகிறார். உடம்பை வளைப்பதும் முறுக்குவதும் அடுத்த நிலைக்குத் தாவுவதுமாக அவரிடம் வேகம் தெறிக்கிறது. மூத்தவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். இளையவர் அவருடைய மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்கார், அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. ஆசிரியரின் மனைவி நாமகிரியம்மாளும் குழந்தைகளும்கூடப் படத்தில் வருகிறார்கள்.

இன்று உலகின் பல ஊர்களில் நடக்கும் யோகா வகுப்புகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வழியில் இந்தக் குடும்பத்திலும் இவர்களுடைய மாணவர்களிடமும் போய் முடியும் என்று சொன்னால் பெரிய மிகையில்லை. ஹாலிவுட்டில் 1947 வாக்கில் யோகப் பள்ளி தொடங்கிய இந்திரா தேவி கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவி. அஷ்டாங்க வின்யாசம் என்ற பெயரில் மைசூரில் கற்பித்து, வெளிநாட்டினரை அந்த ஊருக்கு வரவழைத்த பட்டாபி ஜோயிஸ் அவருடைய மாணவர். புனேயில் 1975-ல் நிறுவனம் எழுப்பிய ஐயங்காரும் அவரிடம் வந்தவர்தான். எனவே யோகம் கற்பது அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று பேச இந்த ஒரு மரபைப் பிடித்துக்கொண்டால் போதும். இமயமலைக் குகை, ஜடாமுடி, மான்தோல் என்று தொடங்கினால் பேச்சு கதையாகிவிடும்.

மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1933-ல் ஜகன்மோகன் அரண்மனையின் ஒரு பகுதியைக் கிருஷ்ணமாச்சாரியாரின் யோகசாலைக்கு ஒதுக்கினார். நோயாளியாக இருந்த அரசருக்கு யோகத்தில் சொந்த அக்கறை இருந்தது. அந்தக் காலத்தில் ஹடயோகி என்றால் கோயில் வாசலில் முள்ளின்மேல் படுத்துக் காசு வாங்குபவர் என்பதுதான் படித்தவர்கள் எண்ணம். விவேகானந்தரே 1896-ல் வெளிவந்த தமது ‘ராஜ யோகம்’ நூலில் ஆசனப் பயிற்சிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் மேலே போகிறார். அந்த எண்ணத்தை மாற்றும் வேலை மைசூர்க்காரருக்கு விழுந்தது. ஊர் ஊராகப் போய் மேடையில் செய்து காட்டினார்கள். நாடித் துடிப்பை நிறுத்தினார், ஓடும் காரைக் கையால் பிடித்து நிறுத்தினார், பாரமான பொருள்களைப் பல்லால் தூக்கினார் என்றெல்லாம் கிருஷ்ணமாச்சாரியாரைப் பற்றிச் சொல்வார்கள். கூட்டம் கூட்டத்தானே இதெல்லாம்! பின்னாளில் அவரே இவற்றைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஆக, ‘அன்று’ என்று நாம் ஏக்கத்தோடு சொல்லும் காலமே ஒரு விளம்பரக் காலம். இது பலருக்கு உறுத்தும். ஆனால் சான்றுகள் அப்படித்தான் இருக்கின்றன. அரண்மனையில் 19-ஆம் நூற்றாண்டில் தொகுத்த ‘ஸ்ரீதத்துவநிதி’ என்ற படச்சுவடியில் 122 ஆசனங்கள் இருக்கின்றன. அவற்றில் சில கயிற்றைப் பிடித்துச் செய்பவை. தண்டால், மல்யுத்தம் முதலிய தேகப்பயிற்சிகளின் சாயலும் அங்கே உண்டு. சூரிய நமஸ்காரம் அன்று மைசூரில் யோக வகுப்பின் பகுதியாகவே இல்லை. அதற்குத் தனி வகுப்பு நடந்தது. மராட்டியப் பகுதியில் ஔந்து சமஸ்தானத்தின் ராஜா அதை உடற்பயிற்சியாக ஊரெங்கும் பரப்பிக்கொண்டிருந்த காலம் அது. இன்றைக்கு சூரிய நமஸ்காரம் இல்லாமல் யோகா வகுப்பு தொடங்குவதே அபூர்வம்.

யோகசாலையில் யார் கற்றார்கள்? பெரும்பாலும் பையன்கள். அரச குடும்பத்துச் சிறுவர்கள், சமஸ்கிருத பாடசாலை மாணவர்கள். துள்ளித் தாவிச் செய்யும் வரிசைகள் அந்த வயதுக்கு வைத்த பாடம். நாற்பது வயதில் முதுகுவலியோடு வருபவருக்கு அது விதிக்கப்படவில்லை. இப்போது அவர்தான் அதைச் செய்கிறார். பெண்கள் உள்ளே வருவது எளிதாக இருக்கவில்லை. ரீகாவில் பிறந்த யூஜினி பீட்டர்சன், பின்னாளில் இந்திரா தேவி, கற்க வேண்டும் என்று கேட்டபோது கிருஷ்ணமாச்சாரியார் மறுத்தார். மகாராஜா தலையிட்ட பிறகுதான் சேர்த்துக்கொண்டார். பெண்களும் யோகம் பயில வேண்டும் என்று எழுத்தில் வலியுறுத்தியவரும் அதே ஆள்தான். ஆட்கள் இப்படித்தான் இருக்கிறார்கள். புத்தகத்தில் ஒரு மாதிரி, வாசற்படியில் ஒரு மாதிரி.

ஐயங்கார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. சபை கூடியிருக்கிறது. காலை முன்னும் பின்னுமாகத் தரையோடு நீட்டும் ஹனுமானாசனத்தைச் செய்து காட்டும்படி ஆசிரியர் சொல்கிறார். பையனுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தப்பிக்க ஒரு வழி தோன்றியது: போட்டிருக்கும் சட்டி இறுக்கமாக இருக்கிறது, கால் விரியாது என்றான். கத்தரிக்கோல் கொண்டுவரச் சொன்னார் ஆசிரியர். இரண்டு பக்கமும் வெட்டியாயிற்று. வேறு வழியின்றிச் செய்தான். தொடையின் பின்தசை கிழிந்தது. நெடுநாள் சரியாக நடக்க முடியவில்லை. அதே ஆசிரியர்தான், நெஞ்சுக்கூடு பலவீனம், பிராணாயாமத்துக்கு நீ லாயக்கில்லை என்று சொல்லி அதைக் கற்பிக்க மறுத்தவர். ஐயங்கார் அதைத் தானாகவே, தட்டுத்தடுமாறி, ஆண்டுக்கணக்கில் பழகிக் கற்றார்.

குருகுலத்தைப் புகழ்ந்து யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் கத்தரிக்கோல்தான் கண்முன் வரும். குரு சொன்னால் மறுபேச்சில்லை என்ற ஏற்பாட்டில் எத்தனை உடம்புகள் பழுதாயின என்பதற்கு எங்கும் கணக்கு இல்லை. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சில யோக ஆசிரியர்கள் மீது மாணவிகள் பாலியல் புகார் சொன்னபோது, அந்த ஆசிரியர்கள் இவ்வளவு நாள் தப்பியதற்கும் அதே மறுபேச்சின்மைதான் துணை நின்றது.

அன்று ஆசனம் இவ்வளவு. தத்துவம்?

பதஞ்சலியின் யோக சூத்திரம் 195 சூத்திரங்கள் கொண்டது. சில பதிப்புகளில் 196. அவற்றில் ஆசனம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்பவை மூன்றே மூன்று. நிலையாகவும் சுகமாகவும் இருக்கை அமைய வேண்டும் என்ற அளவோடு முனிவர் மேலே போய்விடுகிறார். திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் இயமம், நியமம் தொடங்கி எட்டு உறுப்புகளையும் விரித்துப் பாடுகிறார். அங்கும் ஆசனங்களுக்குக் கிடைப்பவை சில பாடல்கள்தாம். மூச்சுக்குத்தான் இடம் அதிகம். 15-ஆம் நூற்றாண்டு ‘ஹடயோக பிரதீபிகை’ விவரிக்கும் ஆசனங்கள் பதினைந்து. 1966-ல் ஐயங்கார் எழுதிய ‘லைட் ஆன் யோகா’வில் 200 ஆசனங்கள், ஏறக்குறைய 600 புகைப்படங்கள். யோகம் என்ற சொல்லின் கீழ் எது எவ்வளவு இடம் பிடித்தது என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

ஆனால் மைசூர் ஆசிரியர் வெறும் ஆசன வாத்தியார் இல்லை. காசியில் நியாயம், மீமாம்சை என்று சாஸ்திரங்கள் வாசித்தவர். மானசரோவர் அருகே ராமமோகன பிரம்மச்சாரி என்பவரிடம் ஏழரை ஆண்டுகள் யோகம் பயின்றதாகச் சொன்னார். படித்து முடித்ததும் குரு தட்சிணையாகக் கேட்கப்பட்டது, கல்யாணம் செய்துகொள், குழந்தைகளைப் பெறு, யோகத்தைக் கற்பி என்பது. பல்கலைக்கழகப் பதவிக்குத் தகுதியிருந்தும் அதனால்தான் வறுமையில் கிடந்தார்; ஹாசன் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்துக் குடும்பம் நடத்தியதும் உண்டு. நாதமுனிகளின் ‘யோக ரகசியம்’ பதினாறு வயதில் ஆழ்வார்திருநகரியில் தமக்கு ஒரு தரிசனத்தில் கிடைத்தது என்றும் சொல்வார். நம்மாழ்வார் ஊரில் நாதமுனிகள் பெயரால் ஒரு யோக நூல்! பட்டாபி ஜோயிஸ் குறிப்பிடும் ‘யோக குருண்டா’ என்ற இன்னொரு சுவடியோ எறும்பரித்துப் போயிற்றாம். ஆராய்ச்சியாளர் எவர் கண்ணிலும் அது பட்டதில்லை. நம்புகிறவர் நம்பட்டும். புதிதாகக் கண்டுபிடித்ததையும் பழையவர் பெயரில் எழுதிவைப்பது நம் நாட்டில் அடக்கத்தின் ஓர் அடையாளம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

1940-ல் மகாராஜா மறைந்தார். சுதந்திரம் வந்தது, சமஸ்தானம் போயிற்று, 1950-ல் யோகசாலையை மூடினார்கள். அறுபதைக் கடந்த கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்குக் குடிவந்தார். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் உயிர்ப்பான பகுதி இங்கேதான் இருக்கிறது. அரண்மனைப் படங்களைப் போல இது யாருக்கும் காட்சி தருவதில்லை. அதனால் பேசப்படுவதும் குறைவு.

சென்னையில் அவரிடம் வந்தவர்கள் துள்ளும் பையன்கள் அல்ல. பக்கவாதத்தில் விழுந்த பிரபல வழக்கறிஞர் டி.ஆர். வெங்கடராம சாஸ்திரி, மூச்சிரைப்புக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், பிள்ளை பெற்ற பெண்கள். முதலில் நாடி பார்ப்பார். என்ன சாப்பிடுகிறாய், என்ன வேலை, வீட்டில் யார் யார் என்று கேட்பார். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பாடம். அந்த ஆளுக்கு எது முடியுமோ அது. கையைத் தூக்கி மூச்சை இழு, இறக்கி விடு என்ற அளவில் பலருக்குத் தொடக்கம். மைசூரில் கத்தரிக்கோல் கேட்ட அதே மனிதர்தான்! வயதும் இழப்பும் நோயாளிகளும் அவரை மாற்றியிருக்க வேண்டும்.

தத்துவம் அங்கே தனிப் பாடமாக இல்லை. வேதம் கற்பிப்பதைப் போல யோக சூத்திரத்துக்கும் சந்தை சொல்லிவைப்பார். ஆசிரியர் ஒரு முறை சொல்ல, மாணவர் இரண்டு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். சுரம் பிசகினால் மறுபடி முதலிலிருந்து. பொருள் விளக்கம் பிறகு, அதுவும் மாணவருக்கு எவ்வளவு ஏறுமோ அவ்வளவு. சில ஆண்டுகள் கழித்து அதே சூத்திரத்துக்கு வேறொரு விளக்கம் வரும், ஏனென்றால் கேட்கிறவர் மாறியிருப்பார். 1955 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவரிடம் கற்ற ஸ்ரீவத்ச ராமசுவாமி போன்றவர்கள் ஆசனமும் சூத்திரமும் ஒரே அறையில், ஒரே வாயிலிருந்து கேட்டவர்கள். இந்தப் பொருத்தம்தான் இப்போது அருகிப்போயிற்று.

கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் படித்தது பொறியியல். வேலைக்குப் புறப்படவிருந்த நேரத்தில், வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் வீட்டு வாசலில் தம் தந்தையைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னதைப் பார்த்தார். ஆசாரம் மிக்க ஐயங்கார் வீட்டில் இப்படி ஒரு காட்சி! விசாரித்தால், நெடுநாளாகத் தூங்கமுடியாமல் தவித்தவர் அவர். முந்தைய இரவு மருந்தில்லாமல் தூங்கியிருக்கிறார். பொறியியலை விட்டுவிட்டு தேசிகாச்சார் தந்தையிடம் மாணவராகச் சேர்ந்தார். 1960-களின் நடுவில் ஜே. கிருஷ்ணமூர்த்தி சென்னையில் அவரிடம் ஆசனம் கற்றுக்கொண்டார். உலகம் முழுக்கப் போய் ‘குரு வேண்டாம்’ என்று சொன்ன பெரியவர், பாதி வயதுகூட ஆகாத இளைஞர் முன் மாணவராக உட்கார்ந்தார். கழுத்தும் முதுகும் தத்துவம் பார்ப்பதில்லை. 1976-ல் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் மந்தைவெளியில் இன்றும் இயங்குகிறது. தந்தை 1989-ல் நூறு வயதைக் கடந்து காலமானார்.

மைசூர்க்காரர்கள் இப்படி இருக்க, பத்தமடையில் பிறந்த ஒரு டாக்டர் வேறொரு வாசலைத் திறந்தார். கோரைப்பாய்க்குப் பேர்போன அந்த ஊரில் 1887-ல் பிறந்த குப்புசாமி, மலேயாவில் பத்து ஆண்டுகள் மருத்துவம் பார்த்துவிட்டு ரிஷிகேசம் போய்ச் சுவாமி சிவானந்தரானார். 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம். அவருடைய கருவி அச்சு இயந்திரமும் தபால் நிலையமும். 200 நூல்களுக்கு மேல் எழுதினார். எழுதிக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினார். ஜாதி, பால், நாடு எதையும் கேட்கவில்லை. ரகசியமாக இருந்தவற்றை அஞ்சலட்டை போட்டவருக்கெல்லாம் கொடுத்தார் என்று அன்றே முணுமுணுத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் மேலைநாட்டில் 1969-ல் யோக ஆசிரியர் பயிற்சி வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். நாலு வாரம் ஆசிரமத்தில் தங்கி ஆசனம், பிராணாயாமம், கீதை, வேதாந்தம் எல்லாம் படித்துவிட்டு ஆசிரியராக வெளியே வரலாம். அதே 1969 ஆகஸ்டில் இன்னொரு சிவானந்த சீடர், கோவை செட்டிப்பாளையத்தில் பிறந்த சச்சிதானந்தர், உட்ஸ்டாக் இசைவிழா மேடையில் லட்சக்கணக்கான இளைஞர்கள் முன் தொடக்க உரை ஆற்றினார். தாமிரபரணிக் கரையிலும் நொய்யல் பக்கத்திலும் பிறந்தவர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனதுதான் இன்று சான்றிதழாகத் திரும்பி வருகிறது. 1999-ல் அமெரிக்காவில் அமைந்த யோகா அலையன்ஸ் என்ற அமைப்பு 200 மணிநேரப் பயிற்சி என்பதை அளவுகோலாக வைத்தது. இப்போது ரிஷிகேசத்தில் தபோவனம் பக்கம் நடந்து பாருங்கள். லாட்ஜுக்கு ஒரு பலகை, ‘200 மணி’ என்று. தங்குமிடம், சாப்பாடு, கங்கைக்கரைப் புகைப்படம் சேர்த்து ஒரு மாதத்தில் ஆசிரியர். தத்துவத்துக்கு ஒதுக்கிய மணிகள் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். எட்டு உறுப்புகளின் பெயரையும் எழுதிக்கொள்ளலாம், கண்ணைத் திறந்துவைத்திருக்க முடிந்தால்.

கேலிக்காகச் சொல்லவில்லை. நாலு வாரப் பயிற்சி என்பது சிவானந்தரின் சீடர் மனத்தில் ஒரு தொடக்கமாக இருந்தது. சந்தையில் அது முடிவாகிவிட்டது. அன்றைக்கு எதை, எப்போது, எவ்வளவு கற்பது என்பதை ஆசிரியர் முடிவு செய்தார். பிராணாயாமம் உனக்கு இல்லை என்று அவர் சொன்னால் இல்லைதான். இன்று பாடத்திட்டம் முடிவு செய்கிறது, இல்லையென்றால் பணம் கட்டியவர் முடிவு செய்கிறார். நூறு ஆண்டுகளில் யோகம் கற்பதில் நடந்த மாற்றங்களில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த இடமாற்றம்தான். ஆசனங்களின் எண்ணிக்கையோ பாயின் ரப்பரோ அதற்குப் பக்கத்தில்கூட வராது.

தமிழ்நாட்டில் சாதாரண மக்கள் யோகம் கற்றது ரிஷிகேசத்திலும் இல்லை, மைசூரிலும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-ல் பிறந்த வேதாத்திரி மகரிஷி 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய மனவளக்கலை மன்றங்கள் தாலுகா ஊர்களில்கூட இருக்கின்றன. பஸ் கண்டக்டரும் மளிகைக்கடைக்காரரும் சத்துணவு ஆயாவும் காலையில் எளியமுறை உடற்பயிற்சி செய்துவிட்டு, அகத்தாய்வு என்ற பெயரில் தங்கள் சினத்தையும் கவலையையும் நோட்டில் எழுதிப் பார்க்கிறார்கள். பதஞ்சலி பெயர் அங்கே அதிகம் அடிபடாது. இயம நியமம் என்று சமஸ்கிருதத்தில் சொன்னால் முழிக்கிறவர், ‘சினம் தவிர்த்தல்’ என்று தமிழில் சொன்னால் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார். யோகத் தத்துவம் இன்று உண்மையில் எங்கே பயிலப்படுகிறது என்று யாராவது கேட்டால், கண்ணாடிச் சுவர் போட்ட ஸ்டுடியோவைக் காட்டிலும் இந்த ஓட்டுக்கூரை மன்றங்களைத்தான் முதலில் காட்டுவேன்.

இன்னொரு பக்கம் அரசாங்கம் வந்துவிட்டது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பயிற்சிக்காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் பட்டம். உடற்கூறியல், உடலியங்கியல் எல்லாம் படித்துவிட்டுத்தான் அந்தப் பிள்ளைகள் ஆசனம் சொல்லிக்கொடுக்க வருகிறார்கள். 2014 டிசம்பரில் ஐ.நா. சபை ஜூன் 21-ஐ யோகா நாளாக அறிவித்தது. 177 நாடுகள் அந்தத் தீர்மானத்தை முன்மொழிவதில் சேர்ந்துகொண்டன. 2015-ல் தில்லி ராஜபாதையில் 35,985 பேர் ஒரே நேரத்தில் ஆசனம் செய்து கின்னஸில் இடம்பிடித்தார்கள். 2016-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் யோகத்தைச் சேர்த்தது. 2020-ல் யோகாசனம் போட்டி விளையாட்டாக அங்கீகாரம் பெற்றது. இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காகவும் பதக்கத்துக்காகவும் முதுகை வளைக்கிறார்கள். போட்டியில்லாத மனம் வேண்டும் என்று தொடங்கிய ஒன்றில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய குழந்தை அழுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. அதே குழந்தைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைத்தால் பெற்றோர் கண்ணில் யோகத்துக்கு மரியாதை கூடும் என்பதும் உண்மை.

ஒரு தற்செயல்: ஒரே ஒருவருக்கு ஒரு நேரத்தில் கற்பிப்பதை வாழ்நாள் முழுக்க வலியுறுத்திய தேசிகாச்சார் பிறந்ததும் ஜூன் 21-தான், 1938-ல். 35,985 பேர் சேர்ந்து செய்த நாளில் அவருக்கு 77 வயது நிறைந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் காலமானார்.

என் தெருவிலிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் வாரக்கடைசிகளில் வகுப்பு நடக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருபது பேர் இருக்கலாம். மூன்று பேரைத் தவிர எல்லோரும் பெண்கள். சொல்லிக்கொடுக்கிறவரும் இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண், அந்த ஐந்தரை ஆண்டுப் படிப்பை முடித்தவர். ஒருநாள் காலையில் எல்லோரும் முன்னால் குனிந்துகொண்டிருக்கும்போது கோடி வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “அங்கிள், உங்களுக்குப் போன மாசம்தானே கண்ணு ஆபரேஷன் ஆச்சு? நீங்க குனியாதீங்க. செவுத்துல சாஞ்சு உக்காந்து மூச்சை மட்டும் கவனிங்க.” அந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே சுவரோரம் போனார். “ஆன்ட்டி, பிபி மாத்திரை போட்டுட்டுத்தானே வந்தீங்க?” என்று அடுத்தவரிடம் நகர்ந்தார் அந்தப் பெண்.

மைசூரில் 1935-ல் இப்படிக் கேட்க ஆளில்லை. கேட்டிருந்தால் ஐயங்காரின் தொடை தப்பியிருக்கும். நம்முடைய ‘அன்று’ இதைவிட உயர்ந்தது என்று அந்த மொட்டைமாடியில் நின்று என்னால் சொல்ல முடியவில்லை. அரண்மனைக்குள் நுழைய ஓர் ஐரோப்பியப் பெண்ணுக்கே அரசரின் சிபாரிசு தேவைப்பட்ட கலை இது. ஐயங்காரின் மகள் கீதா பெண்களுக்கென்றே தனியாக நூல் எழுதி, மாதவிலக்கில் எதைச் செய்வது, கர்ப்பத்தில் எதை விடுவது என்று வரையறுத்த பிறகு இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. இன்று வகுப்பை நிரப்புகிறவர்களும் நடத்துகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். யோக சூத்திரம், ஹடயோக பிரதீபிகை, திருமந்திரம் எல்லாம் உரையோடு புத்தகக் கடையில் கிடைக்கின்றன. எந்தச் சாதி, எந்த ஊர் என்று கடைக்காரர் கேட்பதில்லை.

வகுப்பு முடிந்த பிறகு அந்தப் பெண்ணிடம் சூத்திரம் படித்திருக்கிறாயா என்று கேட்டேன். “முதல் வருஷம் இருந்துச்சு சார். எக்ஸாமுக்கு நாலஞ்சு மனப்பாடம் பண்ணேன். இப்ப ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு” என்று சிரித்தார். அந்த ஒன்று எது என்று நான் கேட்கவில்லை. ஆசனத்துக்கு ஒரு பேராசிரியர், தத்துவத்துக்கு ஒரு பேராசிரியர், மூச்சுக்கு ஒரு பேராசிரியர் என்று பிரித்துப் படித்தவரிடம் மூன்றும் சேர்ந்து ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கிருஷ்ணமாச்சாரியாரிடம் அது ஒன்றாக இருந்ததற்குக் காரணம், முப்பது ஆண்டுகள் ஒருவரே ஒருவருக்குச் சொன்னது. அந்த நேரத்தை இன்று யார் யாருக்குக் கொடுப்பார்கள்? மாதக் கட்டணத்தில் அது அடங்காது. ஆனால் வாரத்தில் ஒரு நாள், ஆசனம் முடிந்து எல்லோரும் பாயைச் சுருட்டும் முன், ஒரே ஒரு சூத்திரத்தையோ திருமந்திரப் பாடலையோ சொல்லி, நாலு பேர் நாலு விதமாகக் கேள்வி கேட்கப் பத்து நிமிடம் ஒதுக்கலாம். சில வகுப்புகளில் ஒதுக்குகிறார்கள். அங்கே ஆட்கள் நிலைத்து நிற்பதையும் பார்க்கிறேன்.

புதிதாக யோகா வகுப்பில் சேர நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சுவரில் மாட்டிய சான்றிதழையும் ஆசிரியர் எவ்வளவு வளைகிறார் என்பதையும் பார்க்காதீர்கள். முதல் நாள் அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். என்ன மாத்திரை, என்ன ஆபரேஷன், எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், எதற்காக வந்தீர்கள் என்று கேட்டால் தாராளமாகச் சேருங்கள். ஒன்றும் கேட்காமல் பாயை விரிக்கச் சொன்னால், பணம் கட்டுவதற்கு முன்பே எழுந்து வந்துவிடுங்கள்.